எந்தச் செயலி நல்லது என்று கேட்கும் எழுத்து நண்பர்களுக்கு



கதை, கட்டுரை எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், மெய்ப்புப் பார்க்கிறவர்கள், சிற்றிதழ் நடத்துகிறவர்கள், முனைவர் பட்டத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பவர்கள் எனத் தமிழைக் கணினியிலும் கைப்பேசியிலும் வைத்துப் புழங்கும் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல்.

நாம் கூடும் இடங்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது: "எழுத எந்தச் செயலி நல்லது?" கேட்டவர் வாய் மூடுவதற்குள் பெயர்கள் வந்து விழும். ஒருவர் நோஷன் என்பார், ஒருவர் அப்சிடியன் என்பார், கூகுள் கீப் போதாதா என்று இன்னொருவர் கேட்பார். வேர்டை விட்டால் வேறேது என்று மூத்தவர் ஒருவர் சிரிப்பார். கேட்டவர் எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் நாலு குறிப்பைப் போட்டுவைத்து, எது எதில் இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த மாதம் அதே கேள்வியோடு வருவார். செயலி தேடுவதையே எழுத்து வேலையாக்கிக்கொண்ட சிலரையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

மற்றவர்களுக்குச் சொல்ல வருவது இதுதான். ஒரு செயலியில் என்னென்ன வசதி உண்டு என்று பார்ப்பதற்கு முன், அதை விட்டுப் போகிற நாளில் உங்கள் எழுத்து எந்த உருவில் உங்கள் கைக்கு வரும் என்று பாருங்கள். அடுத்து, அது தமிழை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். அழகு, வேகம், விலை எல்லாம் அதற்கு அப்புறம்.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களைவிட நாம் இதில் கறாராக இருக்கக் காரணம் உண்டு. நாம் ஏற்கெனவே ஒருமுறை பறிகொடுத்தவர்கள். 1990-களிலும் 2000-களின் முற்பகுதியிலும் தமிழ்த் தட்டச்சு என்றால் எழுத்துருதான். தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில், யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்தோர் நடுவிலும் பாமினி, இணைய மடற்குழுக்களில் டிஸ்கி, 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றது. விண்டோஸ் 2000 அதைக் கணினிக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல்தான். இடைப்பட்ட காலத்தில் அடித்து, குறுவட்டில் போட்டு, அச்சகத்தில் கொடுத்துவிட்டு மறந்த கையெழுத்துப் பிரதிகள் எத்தனை! அச்சகம் மூடிய பிறகு அந்தக் கோப்பைத் தேடி அலைந்தவர்கள் இந்த மடலை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

இதே காலத்தில் மதுரைத் திட்டம் என்ன செய்தது என்று பாருங்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய முயற்சி அது. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். முதலில் அந்நாளைய எழுத்துரு முறை, பிறகு டிஸ்கி, பிறகு யூனிகோடு என்று மொத்தத் தொகுப்பையும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். மாற்ற முடிந்ததற்குக் காரணம், அந்த உரைகள் எந்த ஒரு மென்பொருளின் வயிற்றுக்குள்ளும் அடைபடாமல் வெறும் எழுத்துகளாக இருந்ததுதான். எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், ஒரு மாற்றியை ஓட்டினால் அடுத்த குறியாக்கத்துக்கு வந்துவிடும். இன்று அவை கைப்பேசியில் திறக்கின்றன. அதே ஆண்டில் நம்மில் பலர் பேஜ்மேக்கரில் அமைத்த பக்கங்கள் திறப்பதில்லை.

யூனிகோடு வந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தோம். எழுத்துரு போன இடத்தில் இப்போது நிறுவனம் வந்து உட்கார்ந்திருக்கிறது. வலைப்பதிவுகளைத் திரட்டிப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடப்பட்டது. செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்துவைக்க உலகமே கொண்டாடிய வுண்டர்லிஸ்ட்டை மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கி, 2020 மே மாதம் நிறுத்தியது. பிறகு படிக்கலாம் என்று கட்டுரைகளைச் சேர்த்துவைத்த பாக்கெட்டை 2017-இல் மொசில்லா வாங்கியது. லாப நோக்கில்லாத அமைப்பின் கையில் இருக்கிறது, பயமில்லை என்று நம்பினோம். 2025 ஜூலையில் அதுவும் போயிற்று. ஆம்னிவோர் என்று ஒன்று, அதே வேலைக்கான திறந்த மூலச் செயலி. 2024 இறுதியில் அதை நடத்தியவர்கள் வேறொரு நிறுவனத்துக்குப் போனார்கள், சில வாரங்களே அவகாசம் கொடுத்துச் சேவையை நிறுத்தினார்கள். மூலநிரல் திறந்திருப்பதால் சேவையும் நிலைத்திருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை யாஹூ குழுமங்களுடையது. மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற மடற்குழுக்களில்தான் இணையத் தமிழின் ஒரு தலைமுறை எழுதிப் பழகியது. 2019 அக்டோபரில் பழைய மடல்கள் நீக்கப்படும் என்று யாஹூ அறிவித்தது. 2020 டிசம்பரில் மொத்தமாக மூடியது. தங்கள் மடல்களைத் தனியே சேமித்து வைத்திருந்தவர்களுக்கு அவை இருக்கின்றன. குழுமம் இருக்கும், அங்கே தேடிக்கொள்ளலாம் என்று விட்டவர்களுக்கு இல்லை.

சேவை மூடப்பட வேண்டும் என்றுகூட இல்லை, கைமாறினாலே போதும். எவர்நோட் ஒரு காலத்தில் குறிப்பெடுப்பதற்கு மறுபெயர். அதை இத்தாலிய நிறுவனமான பெண்டிங் ஸ்பூன்ஸ் வாங்கியது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு குறிப்பேடு என்று வரம்பு வைத்தது. பழைய குறிப்புகளை எடுத்துக்கொள்ளத் தடை இல்லை. ஆனால் புதிதாக எழுத வேண்டுமென்றால் பணம் கட்டு, இல்லையேல் கிளம்பு. அதில் தவறு என்று சொல்ல மாட்டேன். வணிகம் அப்படித்தான் நடக்கும். பத்தாண்டு உழைப்பை அந்த வணிகத்தின் நல்லெண்ணத்தை நம்பி வைப்பதுதான் நம் பிழைப்புக்கு ஒத்துவராது.

ஆகவே முதல் சோதனை, வெளியேறும் சோதனை. ஒரு செயலியில் உண்மையான குறிப்புகள் நாலைந்தை மட்டும் போட்டு, ஏற்றுமதி என்ற பொத்தானைத் தேடிப்பிடித்து அழுத்துங்கள். வருகிற கோப்பை அந்தச் செயலி இல்லாத வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். படிக்க முடிகிறதா, படங்கள் வந்திருக்கின்றனவா, எழுதிய தேதி தங்கியிருக்கிறதா? அப்சிடியனில் இந்தச் சோதனையே தேவையில்லை, ஏனென்றால் அது எழுதுவதே உங்கள் கணினியில் உள்ள கோப்புறையில், மார்க்டவுன் என்னும் எளிய உரைக் கோப்புகளாகத்தான். நாளை அப்சிடியனை நீக்கினாலும் நோட்பேடில் திறக்கும். ஜாப்ளின் என்ற குறிப்புச் செயலி தன் சொந்தத் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளும், ஆனால் கேட்டால் மார்க்டவுனாகக் கொடுத்துவிடும். நோஷனும் மார்க்டவுனாகக் கொடுக்கும். அட்டவணைகள் தனிக் கோப்பாகப் பிரிந்து, பக்கங்களின் பெயர்களுக்குப் பின்னால் நீளமான எண்ணும் எழுத்தும் ஒட்டிக்கொண்டு வரும், சீர்செய்ய உட்கார வேண்டும். கூகுள் கீப்பிலிருந்து எடுக்க, 2011 முதல் இருந்துவரும் டேக்அவுட் வழியாகப் போக வேண்டும். கூகுள் டாக்ஸ் வேர்டு கோப்பாக இறங்கும், அதில் குறையில்லை.

மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தனியாக ஒரு சொல். மொழிபெயர்ப்பு நினைவகம் வைத்து வேலை செய்கிறீர்கள் என்றால் டிராடோஸோ மெமோக்யூவோ ஒமேகாடியோ, எதுவானாலும் சரி, உங்கள் நினைவகத்தை டிஎம்எக்ஸ் கோப்பாக அவ்வப்போது வெளியே எடுத்துவையுங்கள். அது எல்லாக் கருவிகளும் ஏற்கும் பொது வடிவம். முகவர் நிறுவனத்தின் இணையக் கருவியில் மட்டுமே வேலை செய்கிறவர்களுக்கு, ஒப்பந்தம் முடிகிற நாளில் கதவு சாத்தப்படும். நீங்கள் தேடிக் கண்டுபிடித்த கலைச்சொற்கள் உள்ளேயே தங்கிவிடும். ஒப்பந்தம் அனுமதிக்கிற அளவுக்கேனும் சொற்பட்டியலை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு மாணவர்கள் மெண்ட்லியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்கோள் நூல்களைச் சேர்த்து வைக்கும் அந்த மென்பொருளை 2013-இல் எல்செவியர் என்ற பெரும் பதிப்பு நிறுவனம் வாங்கியது. 2018-இல், கணினியில் இருக்கும் தரவுத்தளத்தையே மறையாக்கம் செய்தார்கள். போட்டியாளரான ஸோட்டெரோவுக்கு நேராக மாற்றிக்கொள்ளும் வழி அதனால் அடைபட்டது. 2021-இல் கைப்பேசிச் செயலியையும் நிறுத்தினார்கள். ஸோட்டெரோ 2006 முதல் திறந்த மூலமாக, ஒரு பல்கலைக்கழக முயற்சியாகத் தொடங்கி வளர்ந்தது. இலவச இடம் 300 எம்பிதான். வருடிய தமிழ்நூல் ஒன்றிரண்டைப் போட்டால் நிறைந்துவிடும். நூற்பட்டியலை மட்டும் அதில் வைத்து, கோப்புகளை உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆய்வேட்டுக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம்.

இனித் தமிழ்ச் சோதனை. செயலிகளை ஒப்பிட்டு எழுதுகிற ஆங்கிலக் கட்டுரைகள் எதிலும் இது இருக்காது. நாமேதான் செய்து பார்க்க வேண்டும்.

தேடலில் தொடங்குங்கள். தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்றதும் உரு மாறும். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' கிடைக்காது, 'மரம்' என்று தேடினால் 'மரத்தை' வராது. அதனால் சொல்லின் தலைப்பகுதியை மட்டும் கொடுத்துத் தேட வேண்டியிருக்கிறது. 'வீட' என்று அடித்தால் வீடு, வீடுகள், வீட்டில், வீட்டுக்கு எல்லாம் வர வேண்டும். வந்தால் அந்தச் செயலி எழுத்துத் தொடரை உள்ளபடியே ஒப்பிடுகிறது என்று பொருள். முழுச் சொல்லைத்தான் தேடுவேன் என்று அடம்பிடிக்கும் செயலிகளும் உண்டு. இன்னும் சிலவற்றின் உள்ளே இருக்கும் தேடுகருவி, கொம்பையும் காலையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிக்காது. அந்த இடங்களில் சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கும். ஆங்கிலத்துக்குச் செய்த ஏற்பாடு அது. ஆயிரம் குறிப்புகள் சேர்ந்த பிறகு, தேடியது கிடைக்கவில்லை என்று தெரியவந்தால் எங்கே போவது? முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

அடுத்து, 'கொ', 'போ', 'மோ' போன்ற எழுத்துகள். யூனிகோடில் ஒகர, ஓகாரக் குறிகளை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எந்த விசைப்பலகையில் அடித்தீர்கள், எந்த மாற்றியில் பழைய கோப்பை மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்து உள்ளே ஏதாவது ஒன்று இருக்கும். நல்ல செயலி தேடும்போது இரண்டையும் சமமாகக் கொள்ளும். மற்றது, கண்ணெதிரே இருக்கும் 'கொற்றவை'யை இல்லை என்று சாதிக்கும். 'ஸ்ரீ'க்கும் இதே கதி. 2005-இல் 'ஶ' என்று தனியாக ஓர் எழுத்து யூனிகோடில் சேர்க்கப்பட்டதால் இரண்டு விதமாக எழுத இடம் வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் இரண்டு முறை தேடிப் பாருங்கள். ஔவையின் ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக அடிக்கிற வழக்கமோ நம்முடைய சொந்தத் தயாரிப்பு, அதற்கு எந்தச் செயலியையும் குறை சொல்ல முடியாது.

வரிசையையும் பாருங்கள். யூனிகோடு அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. ளகரம், ழகரம் தாண்டித்தான் வகரம். புள்ளிக்கு எல்லா எழுத்துக்கும் பின்னால் இடம். இந்த எண்வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளும் செயலியில் 'அகம்' முன்னால் வந்து 'அக்கா' பின்னால் போகும். அகராதியில் நேர்மாறு. சொல்லடைவு, நூற்பட்டியல் தயாரிக்கிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. லிப்ரே ஆபீஸ் போன்றவை மொழியைத் தமிழ் என்று குறித்தால் தமிழ் வரிசையில் அடுக்கித் தருகின்றன. குறிப்புச் செயலிகளிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பதில் எனக்கு ஆசைதான். ஆனால் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் கோப்பின் பெயருக்கு 255 பைட்தான் உச்சம். ஆக 85 குறியீடுகள், அதாவது கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 50 எழுத்துகள். தலைப்பையே கோப்பின் பெயராக்கிக்கொள்ளும் செயலிகளில், நம் கட்டுரைகளின் நீண்ட தலைப்புகள் நடுவில் நறுக்கப்படுவதோ சேமிக்க மறுக்கப்படுவதோ இதனால்தான். சிறிய பெயராக வையுங்கள், முன்னால் ஆண்டையும் மாதத்தையும் எண்ணில் போடுங்கள்.

பிடிஎஃப் ஆக்கிப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். பார்வைக்கு அழகாக இருந்தால் போதாது. ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறி வந்தால், அந்த பிடிஎஃப் வெறும் படத்துக்குச் சமம். நம் நூல்களில் பல இப்படித்தான் இருக்கின்றன. அதனால்தான் இறுதி வடிவத்தோடு சேர்த்து, மூல உரையையும் பதிப்பாளரிடமிருந்து கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். பல அச்சகங்களில் பக்கம் அமைக்க இன்றும் யூனிகோடை எடுத்துப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். மெய்ப்புத் திருத்தமெல்லாம் அந்தப் பழைய எழுத்துருவிலேயே நடந்து முடிகிறது. உங்கள் கணினியில் இருப்பது திருத்தப்படாத பிரதி. இரண்டாம் பதிப்பு வரும்போது இந்த வேறுபாடு கழுத்தைப் பிடிக்கும்.

குரலில் சொல்லி எழுதுவது பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 2017-இல் கூகுள் தமிழுக்கு அதைக் கொண்டுவந்தது. முதல் வரைவுக்கு, அதிலும் கைவலி உள்ளவர்களுக்கு, நல்ல துணை. ஒற்று மிகும் இடங்களையும் நிறுத்தக்குறிகளையும் அதனிடம் விட்டுவிடாதீர்கள். பிழை திருத்தத்துக்கு நீச்சல்காரன் உருவாக்கிய வாணியும், சந்திப்பிழைக்கு அவருடைய நாவியும் இருக்கின்றன. பெருநிறுவனங்கள் செய்யாத வேலையைத் தனிமனிதர் உழைப்பு செய்துகொண்டிருக்கிறது என்பதை நன்றியோடு நினைத்துப் பயன்படுத்துங்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு விஷயத்தைத் தவிர. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தாவை நம்பாதீர்கள். அட்டை வழித் தொடர் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒப்புதல் தர வேண்டும். அந்த வரம்பு முதலில் ₹5,000, பிறகு ₹15,000. நுகர்வோருக்கு இது நல்லதுதான். ஆனால் டாலரில் சந்தா வாங்கும் வெளிநாட்டுச் சிறு நிறுவனங்கள் பல இதற்கு ஏற்பாடு செய்யவில்லை. புதுப்பிப்பு சத்தமில்லாமல் தவறிப்போகும். சந்தா நின்றால் என்ன ஆகும் என்பதைச் சேரும்போதே கேளுங்கள். படிக்கவாவது விடுவார்களா, ஏற்றுமதி செய்ய விடுவார்களா, எத்தனை நாள் கழித்து அழிப்பார்கள்? இதற்கு நேரான பதில் இல்லாத சேவையில் நாவல் எழுதாதீர்கள்.

இலவசம் என்றதும் நம்மில் பெரும்பாலோர் போய் நிற்பது இரண்டு இடங்களில். ஒன்று வாட்ஸ்அப். தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் வசதி 2022 இறுதியில் வந்தது முதல், அதையே குறிப்பேடாக்கிக்கொண்டோம். கவிதை வரிகளைக்கூட அதில்தான் போட்டுவைக்கிறார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் குறித்துக்கொள்ள அதைவிட வசதி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கணக்கு வைத்திருப்பது உங்கள் தொலைபேசி எண்ணின் பேரில். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணை நிறுவனம் சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வாரம் ஒருமுறை அங்கிருப்பதை எடுத்து வேறிடத்தில் வைக்கிற பழக்கம் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று கூகுளின் 15 ஜிபி. மின்னஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த இடம். 2021 ஜூன் முதல் புகைப்படங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதியும் 2024 முதல் சேர்கிறது. குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கப் படங்கள் நிரம்பி, பதிப்பாளர் அனுப்பும் மெய்ப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு வராமல் திரும்பிப் போகும் நிலை அப்படித்தான் உண்டாகிறது. எழுத்து வேலைக்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் இரண்டாண்டு தொடாமல் விட்ட கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் அழிக்கத் தொடங்கிவிட்டது. பழைய கணக்கில் வரைவுகள் இருந்தால் போய் ஒருமுறை திறந்துவிட்டு வாருங்கள்.

ஒத்திசைவும் காப்புப் பிரதியும் ஒன்றென்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ போட்டுவிட்டேன், பத்திரம் என்பார்கள். ஒத்திசைவின் வேலை, இங்கே நடந்ததை அங்கேயும் நடத்துவது. இங்கே தவறிப்போய் அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அவ்வளவே. மாதம் ஒருமுறை மொத்தக் கோப்புறையையும் ஒரு வெளி வன்தட்டில் நகலெடுத்து, வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். தமிழ் உரை எவ்வளவு எழுதினாலும் இடம் அடைக்காது. வாழ்நாள் முழுவதும் எழுதியதும் ஒரு விரலளவு பென்டிரைவில் அடங்கிவிடும்.

மெய்ப்புப் பார்ப்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் இன்னொன்றை யோசிக்க வேண்டும். நம்மிடம் இருப்பது பிறருடைய, இன்னும் வெளிவராத எழுத்து. பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற, படத்திலிருந்து எழுத்தை எடுக்க, சுருக்கம் எழுத என்று இலவச இணையதளங்களில் அந்தக் கோப்பை ஏற்றிவிடுகிறோம். எந்த நாட்டில் இருக்கும் சேவையகம், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சிப் பொருளாக்குவார்களா என்று பார்ப்பதில்லை. பிறர் கையெழுத்துப் பிரதிக்கு நான் வைத்திருக்கும் விதி, ஆசிரியர் எழுத்தில் சம்மதிக்காமல் எந்த இணையக் கருவியிலும் ஏற்றக் கூடாது என்பது. படத்திலிருந்து எழுத்தை எடுக்க டெசராக்ட் என்ற திறந்த மூலக் கருவி உங்கள் கணினியிலேயே ஓடும், தமிழும் தெரியும். கூகுளின் கருவி அளவுக்குச் சுத்தமாக வராது, திருத்த நேரமாகும். ஆகட்டும்.

வயதில் மூத்த நண்பர்கள் கோபித்துக்கொள்ளாமல் இதையும் கேட்க வேண்டும். உங்களுக்குப் பிறகு உங்கள் கணக்கை யார் திறப்பார்கள்? கூகுளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 3 மாதம் முதல் 18 மாதம் வரை நீங்கள் குறிக்கும் காலம் கணக்கு அசைவற்றிருந்தால், நீங்கள் சொன்னவர்களுக்கு, அதிகபட்சம் 10 பேருக்கு, உங்கள் தரவை எடுத்துக்கொள்ள வழிசெய்யும். ஆப்பிளும் 2021 இறுதியில் இதுபோன்ற ஒன்றைக் கொண்டுவந்தது. மறைந்த எழுத்தாளர்களின் வெளிவராத பிரதிகளைத் தேடி டிரங்குப் பெட்டிகளைத் திறந்த தலைமுறை ஒன்று இருந்தது. பெட்டியின் பூட்டை உடைக்கலாம். இருபடி உறுதிப்பாட்டுக்கு மாற்றுச் சாவி நீங்கள் எழுதிவைத்தால்தான் உண்டு.

இத்தனையும் சொல்லிவிட்டு, நான் எதைப் பரிந்துரைக்கிறேன் என்று சொல்லாமல் போனால் அது நழுவல். சொல்கிறேன். வரைவுகளையும் குறிப்புகளையும் சொந்தக் கோப்புறையில் எளிய உரைக் கோப்பாக வைத்துக்கொள்வதே சிறந்தது. அதைத் திறக்க அப்சிடியனோ வேறு எந்த உரைத் திருத்தியோ போதும். இதழாசிரியரோடு சேர்ந்து திருத்த கூகுள் டாக்ஸுக்கு இன்று மாற்று இல்லை. ஆனால் வேலை முடிந்ததும் இறக்கி, அந்தக் கோப்புறையில் சேர்த்துவிட வேண்டும். நூற்பட்டியலுக்கு ஸோட்டெரோ. சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்குப் படைப்புகள் வந்த தேதி, யார் பார்த்தார்கள், ஏற்பா மறுப்பா என்று குறிக்க ஒரு கணக்குத்தாள் தாராளம். நோஷன் அழகானதுதான். ஆனால் நெடுங்காலம் இணையம் இல்லாவிட்டால் கைவிரித்த செயலி அது. இணையமின்றி வேலை செய்யும் வசதி 2025-இல்தான் வந்தது. ஊருக்குப் போகும் பேருந்தில் எழுதுகிற நம்மைப் போன்றவர்களுக்கு ஆவணக் கிடங்காக வேண்டுமானால் பயன்படும், எழுதும் மேசையாக அது சரிப்படாது. ஏற்கெனவே வேர்டில் எழுதிப் பழகி, அதில் யூனிகோடில் தட்டி, ஒழுங்காகப் பெயரிட்டு, இரண்டு இடத்தில் பிரதி வைத்திருக்கும் மூத்தவர்கள் எதையும் மாற்ற வேண்டாம். இந்த மடல் முழுவதிலும் சொன்னதை அவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை வேறு எந்தப் புதுச் செயலியையும் இறக்காதீர்கள். இப்போது எதில் எழுதிக்கொண்டிருக்கிறீர்களோ, அதிலிருந்து உங்கள் எழுத்து முழுவதையும் ஏற்றுமதி செய்து, அந்தச் செயலி இல்லாத ஒரு கணினியில் திறந்து பாருங்கள். தமிழ் தமிழாகத் தெரிந்தால் அங்கேயே இருங்கள், வேலையைப் பாருங்கள். தெரியாவிட்டால் இந்த மாதத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள். எதிலிருந்து சரியாக வந்தது, எதில் சிக்கியது என்று மற்றவர்களுக்கும் இரண்டு வரி எழுதுங்கள், அடுத்து யாராவது "எந்தச் செயலி நல்லது?" என்று கேட்கும்போது கொடுக்க நம்மிடம் ஒரு பதில் இருக்கும்.

அன்புடன்,
உங்களில் ஒரு மொழிபெயர்ப்பாளர்